பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்போம்

கணவனும் மனைவியுமாக நடத்திய கடை அது. நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை என்று விற்றார்கள். சிநேகிதர்கள் கணவரைக் கட்டில்காரர் என்றே கூப்பிட்டார்கள். போனில் வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர் வேலை; கணக்கும் சரக்கும் அவளுடையவை. மாரடைப்பில் அவர் போனபிறகு எல்லாமே அவள் தலையில் விழுந்தது.

கடையின் வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்துகொடுத்த பெண், பிரைவசி பாலிசி ஒன்று கட்டாயம் வேண்டும், வேறு கடையினுடையதை அப்படியே எடுத்துப் போட்டால் வம்பு, உங்கள் கடையில் நடப்பதை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். கட்டில்காரரின் மனைவி கல்லாவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். வாடிக்கையாளரிடம் என்னென்ன விவரம் வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம், யாரிடம் கொடுக்கிறோம். பெயர், முகவரி, நோயாளியின் எடை, அறைவாசலின் அகலம். எல்லாம் மளமளவென்று வந்தது. தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்கிறோமா, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

பதிவு செய்தார்கள். ஆர்டரில் குழப்பம் வந்தால் திரும்பக் கேட்டுப் பார்க்க அவர் செய்த ஏற்பாடு. பழையதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் போனபிறகு, மத்தியானங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர் குரல் என்று இருந்தது ஒரு கல்யாண வீடியோ மட்டும்தான். அதிலும் யாரையோ நகரச் சொல்வதோடு சரி. இங்கேயோ அவர் பேசிக்கொண்டே இருந்தார். "சொல்லுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல." எதிர்முனையில் பேசியவர்களை அதுவரை அவள் காதில் வாங்கியதேயில்லை. எவ்வளவு காலம் என்று எழுதினால், அதன்படி அழித்தாக வேண்டும்.

பாலிசியில் எதையாவது எழுதிவிட்டு இதை வைத்துக்கொள்வோம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றாள் மகள். பிறகு அவளே, அப்பா பேசியதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமே என்றாள். இருவரும் உட்கார்ந்து முயன்று பார்த்தார்கள். அவர் பேச்சிலும் அந்த வீடுகள்தான் இருந்தன. யாருடைய புண் எவ்வளவு ஆழம், எந்தத் தகப்பனுக்கு ஒண்ணுக்குப் போவது தெரியவில்லை, எந்த மருமகள் ஒத்தாசைக்கு வருவதில்லை.

பதிவை வைத்துக்கொள்ள அவர்களிடமே சம்மதம் கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் நெடுநேரம் பேசியது ஒரு தையல்காரப் பெண்ணிடம். படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கட்டில் வாங்கியவள். அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். கட்டில்காரர் போன சேதி தையல்காரிக்குத் தெரியாது. எப்போது, எப்படி என்று விசாரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா எப்பதான் போவாங்கன்னு அவர்கிட்ட கேட்டு அழுதேனே, அந்தப் பேச்சா?"

"ஆமாங்க."

"அத நீங்க கேட்டீங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கேட்டேன். நிறைய தடவ."

மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் தள்ளிப்போயிற்று. வேறு யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது அவர்கிட்ட மட்டும் சொன்னதுங்க. எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அழிச்சிடுங்க," என்றாள் தையல்காரி. "தப்பா எடுத்துக்காதீங்க."

அன்றைக்கே அவள் எழுதி முடித்தாள். "பொருள் வந்து சேர்ந்ததும் உங்கள் உரையாடல் பதிவை அழித்துவிடுவோம். அதுவரை வேறு எதற்காகவும் அதைக் கேட்க மாட்டோம்." இரண்டாவது வாக்கியத்தை யாரும் எழுதுவதில்லையே என்றாள் வெப்சைட் பெண். இருக்கட்டும் என்றாள் இவள்.

அழிக்கும்போது மகளும் வந்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

"அது நம்மகிட்ட பேசினது இல்லடி," என்று சொல்லிவிட்டு அம்மா பட்டனை அழுத்தினாள். நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மறுபடியும் அழுத்தினாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஒரு நாள் அம்மாவுக்கு ஜுரம்; ஆனாலும் கடையைத் திறந்தாள். கடையில் போனை எடுக்க ஆளில்லை என்று மகள் கூடவே வந்து உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெரியவர் மனைவிக்குச் சக்கர நாற்காலி விசாரித்தார். விசாரிப்பு மனைவியின் வலி, தூக்கமில்லாத ராத்திரிகள் என்று எங்கெங்கோ போயிற்று. மகள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இதையெல்லாம் அப்பா தினமும் கேட்டுட்டு எப்படிம்மா வீட்டுக்கு வந்தாரு?"

வீட்டில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து மகள் பக்கம் நகர்த்தினாள்.