பின்வளவு மலை

யோகராணி தன் பின்வேலியை மலைக்குள் ஒரு சாண் தள்ளிப் போட்டாள். மறுநாள் காலை மலை அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நட்டிருந்தது. 1994-ஆம் ஆண்டு, ஆக்லாந்தின் மேற்குப் புறநகர் ஒன்றில், வீட்டுக்கடனான மார்ட்கேஜுக்கு வட்டி ஏறத் தொடங்கிய மாதத்தில் இது நடந்தது. தூண்கள் கொங்கிரீட் அடியோடு வந்திருந்தன. ஓர் ஆணிகூட வளையவில்லை. அவள் தோண்டுவித்த புதுக்குழிகளைப் புல் மூடியிருந்தது. முதலில் அடுத்த வீட்டாரைச் சந்தேகித்தாள், பிறகு கணவர் செல்வரத்தினத்தை. ஆனால் எல்லர்ஸ்லியில் கணக்காளராக இருந்த அந்த மனிதர் அவள் சொல்லாமல் ஒரு கதிரையைக்கூட நகர்த்தியவர் அல்ல. அடுத்த மாதம் மறுபடி தள்ளினாள். மலையும் மறுபடி தள்ளியது. அவளுக்காக வேலி போட்டுக் கொடுத்த ராம் பிரசாத் ஃபிஜியிலிருந்து வந்தவன். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பாட்டன்மார் விட்டுப்போன தமிழில் பத்துப் பதினைந்து சொற்கள் அவனிடம் மிச்சமிருந்தன. அவற்றில் பாதியை அன்று செலவழித்தான். “அக்கா, மலை பெரிய ஆளு. விட்டுடு,” என்றான். அவள் விடவில்லை.

மலை என்றால் அணைந்துபோன ஓர் எரிமலை. உயரம் பெரிதில்லை, ஆனால் அதைக் குன்று என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவில் யாரும் நிம்மதியாகத் தேநீர் குடித்ததில்லை. நூறு வருடங்களுக்கு முன்பே அரசு அதைக் காப்புநிலமாக்கி வெலிங்டனில் ஓர் அலுவலகத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, அவற்றின்மேல் குந்திக்கொண்டு, புல்சரிவில் கத்தியபடி வழுக்கி இறங்குவார்கள். யோகராணியோடு மனுகாவ் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஹேராவின் ஆட்கள், இந்த நிலத்தின் ஆதிக்குடிகள், மலைக்கு ஒரு நீண்ட பெயர் வைத்து அதைத் தங்கள் மூத்தவர் என்று அழைத்தார்கள். யோகராணி அதைப் பின்வளவுக்காரன் என்று அழைத்தாள். மலையோடு வேலிச்சண்டை என்று கேட்ட அன்று ஹேரா சிரித்த சிரிப்பில் மடித்து வைத்த படுக்கைவிரிப்புகளெல்லாம் சரிந்து விழுந்தன.

யாழ்ப்பாணத்தில் வேலியடைக்கும்போது கதியால் தடியை ஒரு விரற்கடை அடுத்தவர் பக்கம் சாய்த்து நடுவதை யாரும் பாவமாக நினைப்பதில்லை. சாய்க்காமல் விட்டால்தான் இவனுக்கு என்ன வந்தது என்று அயலுக்குச் சந்தேகம் வரும். யோகராணியின் குடும்பமும் பக்கத்துக் காணிச் சபாரத்தினத்தின் குடும்பமும் இரண்டு தலைமுறையாக ஒரு வேலிக்காக மல்லாகம் கோர்ட்டில் வழக்காடின. தொண்ணூறாம் ஆண்டு போர் வந்து இரண்டு குடும்பத்தையும் ஒரே பகலில் கிளப்பியது. வீடுகள் போயின, வேலி போனது, ஊரே இராணுவத்தின் முட்கம்பிக்கு அந்தப்பக்கம் போனது. சபாரத்தினம் எந்த நாட்டில் இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. யோகராணியின் சூட்கேசில் காணி உறுதி பத்திரமாக இருந்தது. ஆனால் வடக்கு எல்லை சபாரத்தினம், கிழக்கு எல்லை இன்னார் என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லையில் ஆளில்லாத காணி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. காணி போனதைவிட, அதற்காகச் சண்டை பிடிக்க ஆளில்லாமல் போனதுதான் அவளை நித்திரையில்லாமல் செய்தது. அவள் மலையோடு பொருதிய கதை புரிய இவ்வளவும் தெரிந்தால் போதும்.

மூன்று வருடம் இப்படியே நடந்தது. அவள் மாதமொருமுறை நகரசபைக் கவுண்டருக்குப் போய், மலை தன் வேலியைத் திருடுகிறது என்று முறையிட்டாள். கவுண்டரில் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த மகள் ராகவி வெட்கத்தால் காருக்குள்ளேயே இருந்தாள். “அம்மா, இட்ஸ் அ மௌண்டன்,” என்பாள். “மலையெண்டால் சட்டம் இல்லையோ?” என்பாள் யோகராணி. மலையோடு மோதினால் மண்டைதான் உடையும் என்று செல்வரத்தினம் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

1997-இல் வெலிங்டன் அலுவலகம் அந்த மலை இனி அரசுக்குத் தேவையில்லாத நிலம் என்று அறிவித்தது. கல்லுடைக்கும் கம்பனி ஒன்று அதை வாங்கி, அடியோடு வெட்டி, ரோட்டுக்குச் சரளையாகப் போட இருந்தது. வேலியே பயிரை மேய்கிறதே என்று நகரம் கொதித்தது. டெய்ரி என்கிற மூலைக்கடைகளில், பள்ளி வாசல்களில், கோயில் மடப்பள்ளியில்கூடக் கையெழுத்து வாங்கினார்கள். அலுவலகம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரே பதில் சொன்னது: சட்டப்படி மறுப்புச் சொல்லும் உரிமை மலையோடு எல்லை உள்ள வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே, அவர்களில் பாதிக்கு மேல் மறுத்தால் நிலம் காப்புநிலமாகவே இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. எல்லை உள்ளவை யோகராணியின் தெருவின் ஒரு வரிசை வீடுகள்தான். கம்பனி அந்த வரிசையில் கதவு கதவாகத் தட்டியது. மறுக்காமல் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் மலையிலிருந்து ஒரு நல்ல துண்டு நிலம் பின்வளவோடு சேர்த்துத் தரப்படும் என்றது. சனம் யோசித்தது, யோசித்துச் சம்மதித்தது. பிழை சொல்ல முடியாது, ஆளுக்கொரு மார்ட்கேஜ் இருந்தது.

யோகராணிக்கும் அதே துண்டு. மூன்று வருடமாகச் சாண் சாணாகக் கேட்டதை இப்போது ஒரே மூச்சில் ஒரு பரப்புக் காணிக்குக் கிட்டத் தருகிறேன் என்று கம்பனிக்காரர் அவள் சோபாவில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார். செல்வரத்தினம் முதல்முறையாகத் தானாகவே கதிரையை நகர்த்திக்கொண்டு கிட்ட வந்தார். அவள் வரைபடத்தைப் பார்த்தாள். மலை இருந்த இடம் அதில் வெள்ளையாக இருந்தது. அப்படி ஒரு வெள்ளை அவளிடம் ஏற்கெனவே கடலுக்கு அப்பால் ஒன்று இருந்தது.

“சண்டை பிடிச்சு எடுக்கிறது வேற,” என்றாள் அவள். “ஆளில்லாத காணியை எடுக்கிறது வேற. அது களவு. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ.”

கம்பனிக்காரருக்கு ராகவி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தேநீரைக் குடிக்காமல் போனார். ஆக, வரிசை முழுவதற்கும் ஒரு மறுப்பு. ஒன்றை வைத்து எதையும் நிறுத்த முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அன்று சனிக்கிழமை, பட்டப்பகல். அவள் பின்வளவுக்குப் போய், உடுப்புக் காய்கிற கொடிக்குக் கீழே நின்று, இடுப்பில் கைவைத்து, தெருவே கேட்கும்படி மலையை ஏசினாள். “நான் ஒருத்தி என்ன செய்யிறது? ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேணும்! எல்லையைத் தள்ளத் தெரியுமெண்டு என்னட்டைக் காட்டினாய்தானே, இப்ப காட்டு பாப்பம்!” ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மழை பெய்தது.

திங்கட்கிழமை காலை ஆக்லாந்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் அந்த மலை நின்றது. நகரின் வடகோடியில் ஆல்பனியில் புதிதாகக் கட்டிய வீடுகளின் பின்வேலிக்கு அப்பால் நின்றது. தென்கோடியில் மனுகாவில் மாலுக்குப் பின்னால், தள்ளுவண்டிகள் நிறுத்தும் இடம் முடிந்ததும் தொடங்கியது. எல்லர்ஸ்லி அலுவலகக் கார்ப்பார்க்கிலிருந்து அதன் புல்லில் நேரே கால் வைக்கலாம். செல்வரத்தினத்தின் அலுவலகத்தார் பத்து மணிக்கெல்லாம் சாண்ட்விச்சோடு அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். எந்த வீடும் இடம்பெயரவில்லை, எந்த ரோடும் கோணவில்லை, பழைய தெருவிலும் மலை இருந்த இடத்திலேயே இருந்தது. பால்காரர்கள் நேரத்துக்குப் பால் போட்டார்கள். வானொலியில் முதலில் போக்குவரத்துச் செய்தியும், பிறகு தக்காளி விலையும், அதன் பிறகு மலையும் சொன்னார்கள். ஹேரா சலவைக்கூடத்துக்கு வந்தவுடன் யோகராணியைக் கட்டிப்பிடித்து, “எங்கள் மூத்தவரை நீ ஏசினாயாமே, நல்ல காரியம், எங்களுக்கு மரியாதை தடுத்துவிட்டது,” என்றாள்.

நகரசபை அன்று மாலையே கூடியது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் காலையில் தத்தம் சமையலறை ஜன்னலில் மலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தபடியால் விவாதத்துக்கு அதிகம் இருக்கவில்லை. ஹேராவின் ஆட்களை முன்வரிசையில் இருத்தி முதலில் அவர்களைக் கேட்டார்கள். அவர்கள் எழுந்து பாடினார்கள். பாட்டு முடிந்ததும் இந்நகரம் மலையின் எல்லைக்காரன் என்ற முறையில் அதன் பக்கம் நிற்கிறது என்று ஒரே குரலில் தீர்மானமாயிற்று. தீர்மானத்தைப் பார்த்துவிட்டு யோகராணியின் தெரு வெட்கப்பட்டுச் சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. வெலிங்டன் நில அளவையாளர்களை அனுப்பியது. அவர்கள் குளிரில் மூக்கு ஒழுக ஒழுக வீடு வீடாக அளந்தார்கள். அளந்த இடமெல்லாம் எல்லை சரியாக இருந்தது. மலை பெருக்கவுமில்லை, நகரம் சுருங்கவுமில்லை. கணக்கில் ஓரிடத்தில் பிழை இருக்கவேண்டுமென்று அவர்களுக்கே பட்டது. பிழையைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கியிருந்த விடுதியின் பின்ஜன்னலைத் திறந்தால் அங்கும் மலை.

கம்பனி விடவில்லை, அது கேட்டு வாங்கிய விசாரணை நகர மண்டபத்தில் நடந்தது. சனம் படிக்கட்டு வரை நின்றது. கம்பனியின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். ஊரெல்லாம் மலை எங்கள் நல்ல அயலவர் என்று சொல்லி முடியுமட்டும் பொறுத்திருந்துவிட்டு, யோகராணியைக் கைகாட்டினார். இந்த அம்மையார் மூன்று வருடமாக நகரசபைக் கவுண்டரில் வந்து, மலை தன் வேலியைத் திருடுகிறது என்று முறையிட்டவர், இப்படிப்பட்ட மலையா நல்ல அயலவர் என்று கேட்டார். ராகவிக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் தாய்க்கு மொழிபெயர்க்க அவள்தான் பக்கத்தில் நிற்க வேண்டும், நின்றாள். யோகராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“ஓம், முறையிட்டனான். பொய் சொல்லேல்லை. ஆனால் முழுக்கச் சொல்லேல்லை. தள்ளினது நான். அவர் திருப்பி வச்சவர், அவ்வளவுதான். மூண்டு வருசத்தில என்ர பக்கம் ஒரு விரற்கடை வரேல்லை. வந்திருக்கலாம்தானே? அவர் மலை, நான் ஒரு மனுசி, ஆர் கேக்கிறது? ஊரில எங்களுக்கு எல்லை போட்டவையும் இருந்தவை, எல்லையை அழிச்சவையும் இருந்தவை. தன்ர அளவோட நிண்ட பெரியவரை நான் இஞ்சதான் கண்டனான்.” அவள் விசாரணை அதிகாரியைப் பார்த்தாள். “ஐயா, உங்களுக்கு இப்பிடி ஒரு அயலார் வாய்ச்சிருக்கினமோ?”

ராகவி கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். பிறகு, இல்லை, என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எழுந்த ஆரவாரத்தில் மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தீர்ப்பு வர ஒரு மாதம் ஆனது, ஆனால் எல்லோருக்கும் அன்றே தெரியும். இத்தனை அயலவர் உள்ள நிலத்தைத் தேவையில்லாத நிலம் என்று சொல்ல முடியாது என அதில் எழுதியிருந்தது. மலை என்றென்றைக்கும் காப்புநிலம். பார்த்துக்கொள்வது ஹேராவின் ஆட்களும் நகரமும். கம்பனி வேறெங்கோ போனது.

தீர்ப்பு வந்த மறுநாள் விடியலில் ஹேராவின் ஆட்கள் உச்சியில் பிரார்த்தனை வைத்தார்கள். நகரம் முழுவதும் தத்தம் பின்கதவால் ஏறி வந்தது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது: எந்த வீட்டிலிருந்து ஏறினாலும், இறங்கும்போது எந்த வீட்டுக்கும் இறங்கலாம். ஆல்பனியிலிருந்து மனுகாவுக்கு இருபது நிமிட நடை. பஸ்காரர்கள் கொஞ்சக்காலம் முறுமுறுத்தார்கள். பிறகு அவர்களும் நடந்து வேலைக்கு வந்தார்கள். மலை தன் பழைய ஒரே இடத்துக்குத் திரும்பிப் போகும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அது போகவில்லை, ஏன் போகவில்லை என்று கேட்கவும் வருடம் முடிவதற்குள் ஆளில்லாமல் போயிற்று. வீடு விற்பவர்கள் விளம்பரத்தில் அதைக் குறிப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள், எல்லா வீட்டுக்கும் உள்ளதுதானே.

தொண்ணூற்றெட்டின் கோடையில் ஒரு பின்னேரம் செல்வரத்தினம் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார்: “ஏனப்பா, இப்ப எங்கட காணிக்குப் பின்னெல்லை ஆரெண்டு எழுதுறது?” யோகராணி ஜன்னலால் பார்த்தாள். சரிவில் ராம் பிரசாத் மனைவி ராஜ்குமாரியோடு பேசிக்கொண்டு இறங்கினான். ஆல்பனியிலிருந்து ஒரு கிழவர் நாயை அவிழ்த்துவிட்டு நடந்துகொண்டிருந்தார். எல்லர்ஸ்லிப் பெண் ஒருத்தி கறிவேப்பிலை கேட்கத்தான் வருகிறாள், நடையிலேயே தெரிந்தது. “எல்லாரும்தான்,” என்றாள். சொன்ன பிறகுதான் அது என்னவென்று அவளுக்கு உறைத்தது. நாளைக்கு என்ன வந்தாலும், அவள் எங்கே போக நேர்ந்தாலும், யோகராணியின் காணி இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முடிந்தது என்று சொல்ல ஒரு நகரமே இருந்தது. அவள் சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள், செல்வரத்தினம் என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையை ஒருமுறை நகர்த்தி வைத்தார். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கேத்திலில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டாள், கிழவரின் நாய் பின்கதவுக்கு வந்துவிட்டது.