கெடாத கோபம்

ரொட்டிக் கடைக்காரர் கசப்புக் கீரை தின்ன ஆரம்பித்த பிறகு அவரைச் சுற்றி இருந்த எதுவும் பழசாகவில்லை. நறுக்கி வைத்த ஆப்பிள் வாரக்கணக்கில் வெள்ளையாகவே கிடந்தது. கடைக் கதவின் கீல் துருப்பிடிக்கவில்லை. அவர் போட்ட ரொட்டி மாதம் கடந்தும் மெத்தென்று இருந்ததால், வாங்கியவர்கள் மறுபடி வாங்க வரவில்லை, பாராட்டிவிட்டுப் போக மட்டும் வந்தார்கள்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. மனைவிக்கு உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளுடைய அண்ணன் குடும்பத்தின் எதிரிலேயே, "இலையை அரைக்கிறதுக்கு எதுக்குப் படிப்பு? வீட்டு மிக்ஸி போதுமே" என்று சொல்லித் தொலைத்தார். அன்றே அவள் படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். அப்போது அவள் சோதித்துக்கொண்டிருந்தது ஒரு கசப்புக் கீரை. எதையும் கெடாமல் காக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் அதில் எக்கச்சக்கம். அதைக் கண்டுபிடிக்கும் ஊதா நிறக் கரைசலில் சாறு ஒரு சொட்டு விழுந்தால் போதும், மஞ்சளாகிவிடும். அவள் வேலையை மதிப்பதாகக் காட்டிக்கொள்ள, சோதித்தது போக அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த கட்டுகளை அவர் தினமும் முகம் சுளிக்காமல் தின்றார். சமாதானத்துக்கு அவர் கண்ட வழி அது.

எட்டு வருஷம் ஓடியது. அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவளுடைய கோபமும் அவரையே சுற்றிக்கொண்டிருந்ததால் கெடவில்லை; தினமும் காலையில் அப்போதுதான் அந்தப் பேச்சைக் கேட்டதுபோல் கொதித்தது. அடுத்த அறையில் படுத்த அவளுக்கு மட்டும் வயது ஏறியது. அண்ணன் பேசிப் பார்த்தார், மாமியார் அழுது பார்த்தார், யார் பருப்பும் வேகவில்லை.

தன் கோபம் மட்டும் ஏன் ஆறவே இல்லை என்று ஒருநாள் சந்தேகம் வந்து, அவர் வியர்வை துடைத்த துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பிழிந்தாள். கரைசல் மஞ்சளானது. விஷயம் விளங்கியதும் நேரே வீட்டுக்கு வந்து அவர் தட்டைப் பிடுங்கினாள்.

"நீங்க இதைத் தின்னுற வரைக்கும் என் கோபம் ஆறாது. எனக்கே சலிச்சுப் போச்சுங்க."

"நிறுத்தினா எட்டு வருஷமும் ஒரேயடியா என் தலையில வந்து விழுமே?"

"விழட்டும். நான் மட்டும் என்ன குமரியாவா இருக்கேன்?"

அவருக்குத் தன் முடிமேல் கொள்ளைப் பிரியம். இருந்தாலும் நிறுத்தினார். மறுநாள் மதியத்துக்குள் தலை நரைத்து, முன் பக்கம் வழுக்கையும் விழுந்து, தொப்பை சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிட்டது. சாயங்காலம் வழக்கம்போல் திட்ட வாயெடுத்தவளுக்குப் பாதிக்கு மேல் திட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது. மனுஷன் அத்தனை அழகாக இருந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருக்கிறதையாவது பார்ப்போம் என்று நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.