பட்டனில் கோளாறு

என் கணவருக்கு ஆகாத சாமான்கள் வீட்டில் பெருகிக்கொண்டே போயின. செல்போன் ரிப்பேர் பார்க்கும் அவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூக்களோடுதான் பிழைப்பு. அவை விரலிடுக்கில் நழுவியபோது ட்வீசர் மட்டம் என்றார். காபி தளும்பியபோது கோப்பைக்குக் காதை ஏறுமாறாக ஒட்டியிருக்கிறார்கள் என்றார். பிறகு கேம் விளையாடும் கன்ட்ரோலரை மாற்றினார். புதிதும் சரிப்படாமல் போகவே, கடைசியில் அந்த கேமே சரியில்லை என்றாகிவிட்டது.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்னாளாம்," என்று சிரித்தேன். வழக்கமாக என் பழமொழிக்குப் பதில் பழமொழி வைக்காமல் விடமாட்டார். அன்று சிரிக்கக்கூட இல்லை.

மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த கேம் அது. நாம் ஒரு வைத்தியக்காரியாகி ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு பகுதி விற்பனைக்கு வந்திருந்தது: மலைக்கு அடியில் ஒரு நகரம். இந்த மாதிரி வந்ததையெல்லாம் இவர் விளையாடிப் பார்த்து இணையத்தில் எழுதுவார். கடைசி வரி 'விளையாடலாம்' அல்லது 'வேண்டாம்'. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பவர்களில் என் தம்பியும் உண்டு. அக்கா சொல்லை என்றைக்கும் கேட்காதவன், மாமா சொன்னால்தான் எதையும் வாங்குவான்.

நகரத்துக்குள் போக ஓர் உடைந்த பாலத்தைத் தாண்ட வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்து, விளிம்பு வந்ததும் சட்டென்று விட வேண்டும். இவர் வாரம் முழுக்க அங்கேயே விழுந்துகொண்டிருந்தார்.

"நான் விட்டாலும் அது விட மாட்டேங்குது. பட்டன் லேட்டா வேலை செய்யுது. கேம்லதான் கோளாறு," என்றார். 'வேண்டாம்' என்று எழுதியும் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளியிட வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை காலை அவர் கடைக்குப் போனதும் நான் அதைப் போட்டேன். எனக்கு அந்த கேமில் காட்டில் திரிந்து மூலிகை பறிக்க மட்டும்தான் தெரியும். ஒரு தடவை விழுந்தேன். மறுபடி ஓடினேன், தாண்டிவிட்டேன். நான் முடி வெட்டுகிறவள். கத்தரி பிடித்துப் பழகிய கட்டைவிரல் சொன்னபடி கேட்டது. வரட்டும் மனுஷன், மானத்தை வாங்குகிறேன் என்று கைதட்டியவள், தட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டன் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

மாமனாருக்கு நடுக்குவாதம் வந்தபோதும் முதலில் வலது கட்டைவிரல்தான் நடுங்கியது. சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டே திரிந்தார். பொத்தான் போட முடியாதபோது தையல்காரனைத் திட்டினார். பின்னாளில் அவருக்குச் சோறு ஊட்டியதும் சவரம் செய்துவிட்டதும் இவர்தான். எது எந்த விரலில் தொடங்கும் என்று இவருக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் கண்ணில் பட்ட சாமான் மேலெல்லாம் பழி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் என் கடைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டு, மன்னிப்பும் கேட்டேன்.

ஞாயிறு மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"இங்க வா. நீயும் ஒரு தடவை போய்ப் பாரு. உன்னாலயும் தாண்ட முடியலன்னா நான் எழுதினது நியாயம்தானே?"

சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்தார். எனக்கு மனசு வரவில்லை. வேண்டுமென்றே பட்டனைத் தாமதமாக விட்டேன். வைத்தியக்காரி பள்ளத்தில் போனாள்.

"பாத்தியா! நான்தான் சொன்னேனே!" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இரு, காபி போடறேன். இன்னிக்கு நான்தான்."

ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அடுப்படிக்குப் போனார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயம் முற்றியது. இதை நம்பிவிட்டால் இவர் டாக்டரிடம் போகவே மாட்டார். மாமனாரும் தையல்காரனை மாற்றி மாற்றித்தான் காலத்தைக் கடத்தினார். ஒரு வாய்க் காபி குடிக்கும்வரையாவது இவர் இப்படியே இருக்கட்டுமே என்று ஆசையாகத்தான் இருந்தது. உள்ளே கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றதும் ஓடினேன், அழுத்தினேன், விட்டேன். வைத்தியக்காரி அந்தக் கரையில் நின்றாள்.

"இன்னொரு தடவை போ," என்றார்.

இன்னொரு தடவையும் தாண்டினேன். நகரத்தின் கதவு திறந்து விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கின. அதைப் பார்க்கத்தான் அவர் ஒரு வாரமாகத் தவம் கிடந்தார். ஆனால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதல்ல வேணும்னேதான் விழுந்தியா?"

"ஆமா."

வந்து உட்கார்ந்து, வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார். கட்டைவிரல் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கும் இப்படித்தான்..."

"வேற எதுவாவும் இருக்கலாம். பாக்காம எப்படித் தெரியும்? நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். மாட்டேன்னு சொன்னீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!" அதட்டத்தான் பார்த்தேன். அவர் விரலைவிட என் குரல் அதிகமாக நடுங்கியது. அந்தக் கட்டைவிரலை என் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போன் அடித்தது. தம்பிதான். இவர் இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, என்னதான் முடிவு பண்ணீங்க? அந்தப் புதுப் பகுதிய வாங்கலாமா, வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"வாங்கு மாப்ள. நல்லா விளையாடலாம். பட்டன்ல ஒரு கோளாறும் இல்ல."