பதினேழு பேரும் ஒரே நாளில்

எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் யாருக்கு எங்கே, எத்தனை மணிக்கு டியூட்டி என்று எழுதிப் போடுவது என் வேலை. ரைட்டர் என்பார்கள். இருபத்தோரு வருடமாக எழுதுகிறேன். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் போட்டதாக என்மேல் புகார் வந்ததில்லை. அப்படிப்பட்டவன்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை லிஸ்டையும் எழுதினேன்.

எங்கள் எஸ்.ஐ. ஒரு பெண்மணி. அவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், எங்களுக்கெல்லாம் மாஸ்டர். அவருக்குக் காரணமில்லாமல் கையிலும் காலிலும் நீலம் பூக்க, பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய் என்று வந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றே மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் லீவு கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"யார்கிட்டயும் தம்பட்டம் அடிக்க வேணாம் ரைட்டர். கேட்டா சொந்த வேலைன்னு சொல்லிடுங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜீப் டிரைவரிடம் மட்டும் சொன்னேன். அவனிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

சாயங்காலத்துக்குள் டிரைவரின் மனைவி மேடத்தின் மகளைப் பள்ளியிலிருந்து தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் என் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். "ரத்தம் வேணும்பாங்க. லிஸ்ட் போடுங்க, போறோம்" என்றார்கள். போட்டேன். ஊர்வலமோ கலவரமோ, முழுப் பலத்தோடு போய் இறங்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. ஸ்டேஷனுக்கு இரண்டு பேரை விட்டுவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்த வங்கி வாசலில் பதினேழு பேர் யூனிஃபார்மில் இரண்டு வரிசையாக நின்றோம். உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் மெதுவாக எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

"இத்தனை பேரும் இன்னிக்கேவா?" என்று ரத்த வங்கிப் பொறுப்பாளர் அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. ஒருத்தர்கூட விடுபடக் கூடாது."

யாருக்காக என்று மட்டும் சொல்லவில்லை. மேடம் வேண்டாம் என்றிருந்தாரே.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை மேடம் போன் செய்தார். மருந்தின் வேகத்தில் மாஸ்டருக்குப் பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. ஈறில் ரத்தம் கசிகிறது. தலைக்குள் கசிந்தால் ஆபத்து. சாயங்காலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதன்பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள், உடம்பு தானே செய்ய ஆரம்பிக்கும்வரை.

"கவலைப்படாதீங்க மேடம். பதினேழு பேர் குடுத்து வச்சிருக்கோம்" என்றேன் பெருமையாக.

மறுமுனையில் மேடம், "எப்ப?" என்றார்.

பொறுப்பாளர் அம்மாவிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போலீஸ்ல ஏதோ முகாம்னு நினைச்சேனே சார். பிரிச்செடுத்த பிளேட்லெட் அஞ்சு நாள்தான் தாங்கும். வேற நோயாளிங்களுக்குப் போயிருச்சு. உங்க பதினேழு பேர்கிட்ட மறுபடி எடுக்க இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல ஆகணும். ஒரு நாளைக்கு ஒருத்தர் போதும் சார். பிளேட்லெட்டை மட்டும் பிரிச்செடுக்கிற மிஷின் பக்கத்துல ஒன்றரை மணி நேரம் படுத்தா முடிஞ்சுது. ஆனா சொன்ன அன்னிக்கு வரணும்."

ஒரு நாளைக்கு ஒருத்தர். நான் தினமும் எழுதுகிற லிஸ்டே அதுதான். அன்றைக்கு மட்டும் எழுதத் தெரியாமல் போயிற்று.

காவலுக்கு விட்டுப்போன இருவரில் ஒருவர் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர். இன்னொருவன் பல் பிடுங்கி மூன்று நாள்தான் ஆகிறது. இருவரிடமும் எடுக்க மாட்டார்கள். உயரத்தால் ஒட்டகம் என்று பெயர் வாங்கிய ஏட்டு ஒரு யோசனை சொன்னார்: "ஜாமீன்ல இருக்கிற ஏழு பேர் தினம் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வர்றானுங்க. ஒரு வார்த்தை சொன்னா வந்து படுத்துக்குவானுங்க."

மேடத்திடம் கேட்டேன். மூச்சு வாங்கும் நேரம்கூட எடுக்கவில்லை. "வேணாம் ரைட்டர். நம்மகிட்ட முடியாதுன்னு அவங்களால சொல்ல முடியாது. அப்படிப்பட்டவங்ககிட்ட கேக்கவே கூடாது."

எங்களிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லக்கூடியவர்கள் யார் என்று யோசித்தேன். எதிர்ச் சாரியிலிருந்த தீயணைப்பு நிலையம்தான் கண்ணில் பட்டது. ஒரு மாதம் முன்னால், நிறுத்தக் கூடாத இடத்தில் நின்ற அவர்கள் அதிகாரியின் பைக்கை நாங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததிலிருந்து இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினேன். அதிகாரி இரண்டு வரி படித்தார். "'மேற்படி விஷயம் தொடர்பாக'ன்னு எழுதியிருக்கீங்க. எந்தப் படி, எது மேல? வாயில சொல்லுங்க ரைட்டரே."

சொன்னேன். எங்கள் தவறையும் சேர்த்து.

"என் பைக்கைத் தூக்கிட்டுப் போன ஆளுங்கதானே நீங்க?"

"ஆமா சார். அந்த ரசீது என் கையெழுத்துதான்."

"இப்ப ரத்தத்தையும் தூக்கிட்டுப் போக வந்துட்டீங்க."

"கேக்கத்தான் சார் வந்திருக்கேன். முடியாதுன்னு சொன்னா சரின்னு போயிருவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "எல்லாரும் வண்டியில ஏறுங்கடா" என்று குரல் கொடுத்தார். அரை நிமிடத்தில் பதினான்கு பேர் பூட்ஸோடு ஓடி வந்துவிட்டார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"சார், கும்பிட்டுக் கேக்குறேன். இன்னிக்கு ஒருத்தர் மட்டும்."

"மணி அடிச்சா மொத்தமா ஓடித்தான்யா எங்களுக்குப் பழக்கம்."

"எங்களுக்கும் அதே பழக்கம்தான் சார். அதனாலதான் இங்க வந்து நிக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். ரத்த வகை, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தெந்த நாள் ஓய்வு என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டு என் நோட்டில் பென்சிலால் எழுதினேன். எட்டுப் பேர் தேறினார்கள். அன்றைய சனிக்கிழமைக்கு, ஏணிக்காரர் என்று அவர்கள் கூப்பிடும், ஊசி குத்த வசதியான தடித்த நரம்புக்காரர். சாயங்காலம் நாலரை மணிக்கு மஞ்சளாகப் பிளேட்லெட் நிரம்பிய பை மாஸ்டர் தலைமாட்டில் தொங்கியது. ஞாயிறு காலை ஈறுக் கசிவு நின்றது.

திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. ஒருவர் போனதும் அடுத்தவருக்கு முதல் நாளே நினைவூட்டினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தபோது மாஸ்டர் போனில் பேசினார்: "அண்ணே, உடம்பு பூரா ஃபயர் சர்வீஸா போச்சு. இனிமே நெருப்பைப் பார்த்தா ஓடுறதா, கிட்டப் போறதான்னு தெரியல." மேடம் அவர் போர்வையைச் சரிசெய்தபடி, "முதல்ல கட்டிலை விட்டு இறங்குங்க, அப்புறம் ஓடலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் முறை. பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என்னோடு வந்தார். ரத்த வங்கி வாசலிலேயே மேடம் நின்றிருந்தார், கையில் காலை ரிப்போர்ட்.

"ஐம்பத்து நாலாயிரம்" என்றார். "அவர் எலும்பு மஜ்ஜை தானாவே பிளேட்லெட் செய்ய ஆரம்பிச்சிருச்சாம். இன்னிக்கு வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்த ரவுண்டு மருந்தும் தள்ளிப்போகாதாம்." சொல்லிவிட்டுக் காகிதத்தை மறுபடி பார்த்துக்கொண்டார்.

அதிகாரிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சுருட்டிய கையை இறக்க மனமில்லை. "இவ்வளவு தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கேன்மா" என்றார்.

"அடுத்த ரவுண்டுல மறுபடி இறங்கும் சார். அப்ப வேணும்" என்றார் மேடம்.

"அப்ப எங்க ஆளுங்களும் தயாராயிருவாங்களே" என்றேன் நான். "முதல் நாளைக்கு ஒட்டகத்தைப் போடலாம்னு—"

"அதெல்லாம் முடியாது" என்றார் அதிகாரி. என் நோட்டைத் திறந்து, வெறும் பக்கத்தின் மேல்வரியில் விரலை ஊன்றினார். "இங்க, முதல் பேரா எழுதுங்க. பென்சில் வேணாம். பேனாவுல."