கீழறை ரம்பம்

ஃபோனைக் கணவரின் காதோடு சேர்த்துப் பிடித்திருந்த கை மரத்துப்போய்விட்டதால் அவள் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றிய நேரத்தில் பல் டாக்டர் சொன்ன ஏதோ ஒன்று அவருக்குத் தவறிவிட்டது. கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தார்.

"மறுபடி சொல்லுங்க டாக்டரே. மேல் சக்கரமா, கீழ் சக்கரமா?"

"மேல் சக்கரம்தாண்ணே. பேரிங் மாத்தியாச்சு. கையால ஒரு தள்ளு தள்ளினா நிக்கவே மாட்டேங்குது."

"கிரீஸை அள்ளி அப்பிடாதீங்க. சூடாயிடும்."

"அளவாத்தான் வெச்சேன்."

"பித்தளைத் தகடு மேல உப்புத்தாளைக் கொண்டு போயிடாதீங்க. பேரே அழிஞ்சுடும். வெறும் துணி போதும்."

"தெரியும்ணே."

"தெரியும்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தது இருமலில் போய் முடிந்தது.

அவள் ஃபோனை விலக்கி அவர் நெஞ்சை நீவிவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த தகர விளம்பரப் பலகையைப் பார்த்தாள். முறுக்கு மீசைக்காரன் ஒருவன் கையில் வட்ட ரம்பத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். இந்த ஃபோன் பேச்சு தினமும் நடக்கிறது. தினமும் அவள் அந்த மீசைக்காரனைத்தான் பார்க்கிறாள். ஏனென்றால் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் ரம்பம் உலகத்தில் இல்லை. இரும்புக் கடையில் சம்மட்டிக்கு இரையாகி, எந்த உலையிலோ உருகியும் போயிருக்கும்.

அவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தவர். தெருவில் இன்னும் அவருக்கு மீட்டர்க்காரர் என்றுதான் பெயர். வருஷக்கணக்காக அடுத்தவர் வீட்டுப் பின்பக்கங்களில் நுழைந்து வெளியே வந்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மீட்டர் திடீரென்று சோம்பிப் போனால், அங்கே ஏதோ ஒரு மெஷின் செத்திருக்கிறது என்று அர்த்தம். தச்சுப் பட்டறையாக இருந்தால் விடமாட்டார். "அதை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டு, கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இழைக்கும் மெஷின், கடைசல் மெஷின், பிடி உடைந்த பழைய ட்ரில்கள், அவற்றோடு வந்த விளம்பரப் பலகைகள், நாட்காட்டிகள் என்று கீழறை நிறைந்தது. துருவை ஊறவைத்து, தேய்த்து, பூச்சுக்கு மேல் பூச்சாகச் சுரண்டிக்கொண்டே போய், கம்பெனியில் அடித்த முதல் நிறம் தெரிந்ததும் மாடிக்குக் குரல் கொடுப்பார். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பவள் இறங்கி வரவேண்டும்.

"என்ன கலர் சொல்லு?"

"பச்சை."

"பச்சைன்னா எந்தப் பச்சை?"

"அடுப்புல தீயற பச்சை. எனக்கு வேலை இருக்குங்க."

எல்லாவற்றிலும் பெரியது பேண்ட்சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் ரம்பப் பட்டை. ஆள் உயரத்துக்கு மேல் வார்ப்பிரும்பு. அதை உயிர்ப்பிக்க அவருக்கு வேலையில் மிச்சமிருந்த காலம் முழுவதும் பிடித்தது. ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எதையும் அறுக்காமல் சும்மா ஓடவிடுவார். கேட்டால், "அதுவும் காலாற நடக்க வேண்டாமா?" என்பார். மாடித் தரை அதிரும். ஊசியில் கோத்த நூல் நழுவும். "மூத்தவ மேல இருக்கா, இளையவ கீழ இருக்கா, நமக்கென்ன குறை" என்று சொந்தக்காரர்களிடம் அவரே ஜோக்கடிப்பார். அவளும் சிரிப்பாள். எல்லா முறையும் சிரிப்பு வந்ததில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்றார்கள். மாடி ஏற முடியாது. கீழறையில்தான் கட்டில் போடவேண்டும். பேண்ட்சா நின்ற இடம் ஒன்றுதான் காற்றோட்டமான இடம். வெளியே எடுத்துவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஆட்கள் வந்துமிருந்தார்கள். தெருவில் பழைய இரும்பு எடுக்கும் வண்டி நின்றது. "அப்படியே ஏத்திடுங்க" என்று அவள் வாய் சொன்னது. காசு எதுவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றும் சொன்னது. வண்டித் தட்டில் அது சாய்ந்து விழுந்தபோது மேல் சக்கரம் விரிசல் விட்ட சத்தம் கேட்டது. அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. "சனியன் ஒழிஞ்சது" என்றாள், வாய்விட்டே. வண்டிக்காரர் சிரித்தார்.

அவரைக் கட்டிலில் கிடத்தியதும் அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எங்க?" என்றார். பெயர் சொல்லவில்லை.

"டாக்டர் வீட்ல இருக்குங்க. அங்க இடம் இருக்குல்ல. தூக்கும்போது கொஞ்சம் அடி. அவர் சரி பண்ணித் தரேன்னாரு."

இத்தனை பொய்யும் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பல் டாக்டருக்கு ஃபோன் செய்தாள். அவரும் பழைய மெஷின் பைத்தியம்தான்; ஆனால் பித்தளைத் தகடுகளும் பழைய விலைப் புத்தகங்களும் மட்டும் சேர்ப்பவர். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். எதிர்முனையில் நோயாளி யாரோ வாய் கொப்பளிப்பது கேட்டது.

"இரும்புக் கடைக்குப் போய்ப் பாத்தீங்களாக்கா?"

"மறுநாளே போனேன். வார்ப்பிரும்பை உடைச்சுத்தான் ஏத்துவாங்களாம். பாதிச் சக்கரம் கிடந்துச்சு."

டாக்டர் நோயாளியைத் துப்பச் சொன்னார். பிறகு, "சரிக்கா. என்கிட்டதான் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து இல்லாத ரம்பத்துக்கு வைத்தியம் நடந்தது. "அங்க போனதும் நல்லதுக்குத்தான். பேரிங் மாத்தணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேன்" என்றார் அவர். ஒரு நாள் துரு. ஒரு நாள் பெல்ட். ஒரு நாள் முழுக்க, எந்தப் பச்சை என்ற விவாதம். கஞ்சி இறங்காத நாளிலும் அந்தப் பேச்சு மட்டும் தடைபடவில்லை. அவர் முகத்தில் தெம்பு வரும்போதெல்லாம் அவள் மீசைக்காரன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருமல் அடங்கியதும் அவர் ஃபோனுக்காகக் கையை அசைத்தார். அவள் மீண்டும் காதில் வைத்தாள்.

"டாக்டரே, எல்லாம் மாட்டியாச்சுன்னா ஒருவாட்டி ஓட விடுங்களேன். சத்தம் கேக்கணும்."

அவள் ஃபோனை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"ஒயர் மாட்டணும்ணே. மாட்டிட்டு நானே கூப்பிடறேன்."

"அவசரமில்ல. நான் எங்க போகப் போறேன்."

வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இறங்கிய பிறகுதான் ஃபோன் வந்தது. பல் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "வெச்சுக்குங்கக்கா" என்றார். அவள் வைத்தாள். முதலில் ஒரு உறுமல், பிறகு அது நீண்டு சீராகி ரீங்காரமாயிற்று. அவளுக்கே கேட்டது. அவர் அசையாமல் கிடந்தார். போர்வைமேல் இருந்த விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. கண்ணைத் திறந்தார். முதலில் கூரையை, பிறகு அவளை. நிதானமாகத்தான் பார்த்தார். அவளுக்கு மீசைக்காரன் பக்கம் திரும்ப வேண்டுமென்று இருந்தது. முடியவில்லை.

"நிறுத்தச் சொல்லும்மா. கரண்ட் வீணாப் போகுது" என்றார்.

பிறகு ஃபோனுக்குள், "நல்லா இருக்கு டாக்டரே" என்றார்.

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டாள்.

"நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்டு. எனக்குக் கொஞ்சம் தூங்கணும்."

அவள் மாடிக்குப் போனாள். காலையிலிருந்து எதுவும் உள்ளே போகாததால் பசி கண்ணை மறைத்தது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு இறங்கி வந்தபோது அறை எப்போதும் போலத்தான் இருந்தது. அவர் முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. துடைக்காத ஈரக்கையை அவர் மூக்கருகே பிடித்தாள். ஈரத்தில் எதுவும் படவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள்.

மகளும் மருமகனும் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு அடக்கம் நடந்தது. கீழறை வாசலில் செருப்புகள் குவிந்தன. நாற்காலி போதாமல் சிலர் இழைக்கும் மெஷின்மேல் உட்கார்ந்தார்கள். அவர் இருந்திருந்தால் எழுப்பிவிட்டிருப்பார். கொழுந்தன் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணி மாதிரி யாராலயும் பாக்க முடியாது. அண்ணன் உயிரா வெச்சிருந்த மெஷினையே எடுத்துட்டு, காத்து வர இடமா பாத்துக் கட்டில் போட்டாங்க. யாருக்கு வரும் அந்த மனசு?"

கேட்டவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "புண்ணியவதி" என்றாள். அவள் கையை உருவிக்கொள்ள நினைத்து, உருவாமல் உட்கார்ந்திருந்தாள்.

சவ வண்டி கிளம்பிப் போய், போனவர்கள் திரும்பி, கூட்டம் கலைந்த பிறகு பல் டாக்டர் மட்டும் கடைசல் மெஷின் அருகே நின்றார். அதன் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய நிலையிலேயே வைத்தார். அவள் அருகே போனாள்.

"அன்னைக்கு எங்க போய் ஓட்டுனீங்க?"

"ஜன்னல், கதவு செய்யற பட்டறை ஒண்ணு இருக்குக்கா. அங்க கெஞ்சிக் கேட்டு ஓட்டச் சொன்னேன்."

"அதுவும் பழைய மெஷினா?"

"இல்லக்கா. போன வருஷம் வாங்கினதாம்."

அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"சத்தம் ஒரே மாதிரி இருக்குமா?"

பல் டாக்டர் கைக்கடிகாரத்தின் வாரைத் தளர்த்தினார். பிறகு பழையபடி மாட்டினார்.

"நல்லா இருக்குன்னுதானேக்கா சொன்னாரு" என்றார்.

"ஆமா" என்றாள் அவள்.

மறுநாள் காலை வாடகைக் கட்டிலை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். மகள் வாளியும் துணியுமாக வந்தாள். "நீ மேல போம்மா. நான் துடைக்கிறேன்."

"நானே துடைக்கிறேன். நீ டீ போடு."

"இந்த இரும்பையெல்லாம் என்னம்மா பண்ணப் போற? மேல தனியா உக்காந்துக்கிட்டு இதையெல்லாம் காவல் காக்கப் போறியா? பேசாம என்கூட வா. யாரையாவது வரச் சொல்லி இதையெல்லாம் எடுத்துக்கச் சொல்லிடலாம்."

"டீ போடு போ."

மகள் படியேறும் சத்தம் அடங்கியது. அவள் முட்டி போட்டு, சுவரோரத்திலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். கட்டில் நின்ற இடத்தில் துணி வெடுக்கென்று சிக்கியது. கையால் தடவிப் பார்த்தாள். பேண்ட்சாவைத் தரையில் இறுக்கி நிறுத்தியிருந்த நான்கு போல்ட்டுகளின் அடி; தூக்கும்போது தரையோடு தரையாக அறுத்திருந்தார்கள். மூன்று வழுவழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் அரை நகத்தளவு தூக்கிக்கொண்டு, ஓரம் பிசிறாக நின்றது. அதைச் சுற்றி மரத்தூள் இறுகிக் கறுத்திருந்தது.

"அம்மா, டீ ஆறுது" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வரேன்."

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். துணியை இழுக்கவில்லை. பிசிறில் மாட்டியிருந்த நூலை நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாக, அறுந்துவிடாமல் எடுக்கத் தொடங்கினாள்.