நொலாரியின் வலது கை

நீண்ட மழைக்காலம் முடிந்த மாதத்தில், எங்கோசிரா ஊரைச் சேர்ந்த நொலாரி என்ற மாசாய் இனத்துப் பெண்ணின் வலது கையை, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை, வனவிலங்குப் பாதுகாப்புப் பகுதியாக அரசாங்கம் அறிவித்தது. வானொலியில் சோள விலைக்கும் கால்பந்துச் செய்திக்கும் நடுவில் அதை வாசித்தார்கள். அப்போது அவளுடைய உள்ளங்கையில் புல் ஒரு முழ உயரம் நின்றது. எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மேய்ச்சல் காட்டை எடுத்தார்கள், உப்புச்சுனையை எடுத்தார்கள், ஆற்றங்கரையை எடுத்தார்கள். ஊரில் மிச்சமிருந்த பச்சை அந்தக் கை ஒன்றுதான். அதை மட்டும் விட்டுவைப்பார்களா என்ன?

கையில் புல் முளைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு வழக்கம். புல் மாட்டுக்குச் சோறு, மாடு எங்களுக்குச் சோறு. அதனால் ஒருவன் தரையிலிருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி நீட்டிவிட்டால் அவனை யாரும் அடிக்கக் கூடாது. மகனைத் துரத்திக்கொண்டு ஓடும் அப்பனே ஆனாலும், மகன் புல்லை நீட்டிவிட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கம்பு விழுந்த பிறகு புல்லைக் கீழே போடலாம். இது உலகத்துக்கே தெரிந்த சங்கதி என்று நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் செய்த தப்பு அதுதான். மேய்ச்சல் காட்டைச் சுற்றி எல்லைக் கல் நட வண்டி வண்டியாக ஆட்கள் வந்த அன்று ஆண்கள் ஈட்டியைத் தொடவில்லை. பெண்கள் முன்னால் போய் நின்று ஆளுக்கொரு பிடி புல்லை நீட்டினார்கள். வந்தவர்கள் வேறு சீமைக்காரர்கள். "என்னடா இது, நம்மள மாடுன்னு நெனச்சுட்டாளுங்களா?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த கையோடு அடித்தார்கள். நொலாரியின் புருஷன் பர்முவாத் உடைந்த காலை இழுத்துக்கொண்டு நாட்டு எல்லை தாண்டிக் கென்யாப் பக்கம் போனான். போன இடத்திலேயே செத்தான். அவனுடைய மாடுகளை, அத்துமீறி நுழைந்தவை என்று பட்டியில் அடைத்து ஏலம் விட்டார்கள். சுகமில்லாமல் வீட்டுக்குள் கட்டிக் கிடந்த முகியே என்ற செம்பழுப்புக் கிடாரி மட்டும் தப்பியது. மாடில்லாதவளை எங்களில் யாரும் ஒரு ஆளாக எண்ணுவதில்லை. ஆகவே நொலாரியை அன்றுமுதல் ஆளாக வைத்திருந்தது அந்தக் கிடாரி ஒன்றுதான்.

மற்ற பெண்கள் புல்லை உதறிவிட்டு ஓடினார்கள். நொலாரி உதறவில்லை. "அடிச்சவன் மொதல்ல கம்ப கீழ போடட்டும். அப்புறம் நான் போடறேன்" என்று சொல்லிவிட்டாள். அடித்தவர்கள் கம்போடு வண்டியேறிப் போய்விட்டார்கள். அவளும் புல்லோடு வீட்டுக்குப் போனாள், புல்லோடு கஞ்சி காய்ச்சினாள், புல்லோடு படுத்தாள். சில நாளில் அது உள்ளங்கைக்குள் வேர்விட்டுவிட்டது. இழுத்தால் வலித்தது, அதனால் இழுப்பதை விட்டுவிட்டாள்.

பிறகு மழை பொய்த்தது. கல் நட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் புல் இருந்தது, எங்கள் மாடுகள் இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே செத்தன. முகியே மட்டும் சாகவில்லை. நொலாரி கையை நீட்டுவாள், அது புல்லைக் கடித்துத் தின்றுவிடும். மறுநாள் அதே உயரத்துக்குப் புல் வளர்ந்து நிற்கும். அக்கம்பக்கத்துக் கன்றுகளுக்கும் அவள் முறைவைத்துக் கொடுத்தாள். "அக்கா, எங்க கன்னுக்கு ஒரு வாய்" என்று யார் வந்து நின்றாலும் இல்லையென்றதில்லை. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது. காட்டுக்குள்ளிருந்து வரிக்குதிரைகள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன, அவற்றின் பின்னால் மான்கள், மான்களுக்குப் பின்னால் சுற்றுலா வண்டிகள். வழிகாட்டிகள் வயர்லெஸ்ஸில் ஒருவனுக்கொருவன் தகவல் சொல்ல, சிங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு நொலாரியின் முள்வேலிக்கு வந்து நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து படித்தவர்கள் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். மானும் வரிக்குதிரையும் தேடிவந்து தின்னும் இந்த அபூர்வப் புல்லை நாட்டு மாட்டிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் அந்த அறிவிப்பு.

கைக்குக் காவலாக மசன்ஜா என்ற வனக்காவலரைப் போட்டார்கள். அவரும் மாடு வளர்க்கிற சுகுமா வம்சம்தான். ஆனால் சம்பளம் வாங்குகிறவர். அவள் எங்கே போனாலும் துப்பாக்கியோடு பின்னாலேயே போவார். அந்தக் கையால் அடுப்பு மூட்டக் கூடாது, விறகு வெட்டக் கூடாது, சோப்பு படக் கூடாது. வரிக்குதிரை மேயலாம், அது வனவிலங்கு. முகியே மேயக் கூடாது, அது கால்நடை.

"அம்மா, மாட்டத் தள்ளி நிறுத்துங்க."

"ஏம்ப்பா, இது என் கைதானே?"

"கை ஒங்களுதுதாம்மா. புல்லு அரசாங்கத்துது."

"அப்ப அரிச்சா யாரு சொறியறது?"

"அத மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்."

கேட்டார். பதில் வரவில்லை. அவள் கல்லில் தேய்த்துக்கொண்டாள்.

சுற்றுலாக்காரர்களைத் தங்கவைக்கும் கூடாரக் கம்பெனி ஒன்று அவள் வீட்டருகே வெள்ளைக் கூடாரங்கள் போட்டு, சிமென்ட் மேடை கட்டி, அதில் அவளை உட்கார வைத்தது. காலைப் பலகாரம் தின்றபடியே விருந்தாளிகள் வரிக்குதிரை மேய்வதைப் பார்க்கலாம். புல்லுக்குப் பின்னால் ஒரு பொம்பளை முகம் தெரிவதால் படம் கெட்டுப்போகிறது என்று விருந்தாளிகள் குறைப்பட்டார்கள். மறுவாரமே கம்பெனி காக்கித் துணியில் திரை கட்டி, அதில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தது. நொலாரி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கையை மட்டும் வெளியே நீட்டுவாள். அவள் பக்கத்தில் முகியே சினையாகி, எலும்பு துருத்தி, சோளச்சக்கையை மென்றுகொண்டிருக்கும். ஒரு கை தூரத்தில் பச்சைப்புல் இருக்க, அந்த வாயில்லா ஜீவன் துணியை நக்கியது. வேலியே பயிரை மேய்ந்தால் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வேலியே பயிருக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

கேட்பதற்கு ஆளில்லாமல் இல்லை, தேர்தல் வந்தது. பர்முவாத்தின் பங்காளி மெபுகோரி கவுன்சிலருக்கு நின்றார். மேடைக்கு மேடை நொலாரியைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தி, "எங்க அண்ணியோட கைய எங்க அண்ணிக்கே வாங்கித் தராம நான் தூங்க மாட்டேன்!" என்று மார்தட்டினார். எதிர்க்கட்சிக்காரனும் அதையே சொன்னான், ஆனால் அவனிடம் ஒலிபெருக்கி சரியில்லை. மெபுகோரி அமோகமாக ஜெயித்தார். ஆறு கடக்கிற வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ. கம்பெனி அந்த மேடையை ஒட்டிப் புது வாசல் திறந்தபோது நாடாவை வெட்டியவர் அவர்தான். வெட்டிய கையோடு ஒரு உத்தரவையும் கொண்டுவந்தார். பாதுகாப்புப் பகுதியை ஒட்டி மனிதக் குடியிருப்போ கால்நடையோ இருக்கக் கூடாதாம். கைக்கு ஒட்டியிருந்த குடியிருப்பு நொலாரி, கால்நடை முகியே.

"நல்ல எடம் அண்ணி. தகரம் போட்ட வீடு, வாசல்லயே தண்ணிக் கொழா. நானே சொல்லி வாங்குனேன்."

"கை?"

"கை எப்பிடி வரும்? அது நாட்டுச் சொத்து. ஒண்ணு செய்யலாம். மாட்ட வித்துடுங்க. கம்பெனியில பேசி ஒங்கள இங்கயே வச்சுக்கச் சொல்றேன். சோறு, சம்பளம், எல்லாம் உண்டு."

"சினை மாட்டயா?"

"மாடுதானே அண்ணி."

நொலாரி அவர் முகத்தையே பார்த்தாள். "நீ மாசாய்க்குத்தான் பொறந்தியா, இல்ல ஒங்கம்மாவ யாராவது ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். மசன்ஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது சிரிப்பிலா வேறெதிலா என்று எங்களுக்குத் தெரியாது.

லாரி வந்த அன்று முகியேயைப் பலகை வைத்து ஏற்றினோம். நொலாரி மேடையில் போய் உட்கார்ந்தாள், திரை ஓட்டை வழியாகக் கையை வெளியே வைத்தாள், கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து லாரிக்கு நடந்தாள். கை மேடையிலேயே இருந்துவிட்டது. ரத்தம் வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "கை வலிக்கல. வயிறுதான் எரியுது. அவனுக கட்ட மண்ணாப் போவ" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. மசன்ஜா கடமைப்படி கையோடு தங்கினார். அன்றைக்கே வரிக்குதிரைகள் வந்து வழக்கம்போல மேய்ந்தன. கம்பெனி திரையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டது.

புது ஊரில் வெயில் அதிகம், புல் கிடையாது, தண்ணீர்க் குழாயில் காற்று வருகிறது. முகியே கன்று போட்டது, பெண் கன்று. சுரைக்குடுவையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நொலாரி இடது கையால் கறக்கிறாள். பால் கொஞ்சம்தான். காலையும் மாலையும் அவள் கறக்கிற அதே நேரத்தில், இங்கே வாசல் மேடையில் இருக்கும் வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிகின்றன. வாசலில் மணிமாலை விற்கும் எங்கள் பெண்கள் அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்கிறார்கள். காற்று என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். சுற்றுலா வந்தவர்களோ, அது தங்களுக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்து, வண்டியில் எழுந்து நின்று பதிலுக்குக் கையசைக்கிறார்கள்.