போகும்போது கேட்ட கேள்வி

யுவராணி கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனாள். மறதிச் சோதனைக்கு வந்த வயசாளிகள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கள எப்பத் தாயி கூப்புடுவ?" என்றார் ஒருவர்.

"இந்தப் பிள்ளையப் பாத்து முடிச்சிட்டுக் கூப்புடுறேன் அய்யா" என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே திரும்பினாள். "வந்துட்டேன்ல?"

ஸ்டூலில் இருந்த நாகஜோதி தலையை மட்டும் ஆட்டினாள்.

வியாழன்தோறும் ராமநாதபுரத்திலிருந்து இந்தக் கடலோர ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல ஆலோசகர் யுவராணி. பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். இந்தப் போக்கும் வரவும்தான் நாகஜோதிக்கு அவள் செய்யும் வைத்தியம்.

கடலுக்குப் புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. அது இந்தக் கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நாகஜோதி அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில், பெற்ற அய்யாவிடம் கேட்டுவிட்டாள். வள்ளம் மட்டும்தான் கரை ஒதுங்கியது. அன்றிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். இதை அம்மா சேதுலட்சுமி யுவராணியிடம் சொல்லவே மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது.

"நான் போகும்போது கேளு கண்ணு. கேட்டாலும் திரும்பி வாரேனா இல்லையான்னு பாரு" என்றாள் யுவராணி.

அன்று சாயங்காலம் அவள் பையோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியபோது பின்னால் ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"எங்க போறீக டீச்சர்?"

சேதுலட்சுமி கூடையைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யுவராணிக்கும் கண் நிறைந்துவிட்டது.

"ராம்நாட்டுக்குத்தான் கண்ணு. வார வியாழக்கெழம வந்துருவேன், பாரு."

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதைதான். திங்கட்கிழமை மேலதிகாரி போன் செய்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், நீட்டிக்க உத்தரவு வரவில்லையாம்.

"ஒரே ஒரு நாள் போயி, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன் சார்."

"புது ஆள் வந்து சொல்லுவாங்கம்மா. நீங்க போனா எனக்குத்தான் பிரச்சனை."

யுவராணி அடங்கிப்போனாள். முறைத்துக்கொண்டால் உத்தரவு வரும்போது தன் பெயர் விடுபட்டுவிடும் என்று பயம். புது ஆளும் வரவில்லை, உத்தரவும் வரவில்லை. கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பயம் விட்டது. புறப்படுவதற்கு முன் நாகஜோதியின் குப்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

சேதுலட்சுமி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குறை சொல்லவில்லை.

"வியாழக்கெழம ஆனா ஆஸ்பத்திரி வாசல்லயே போயி ஒக்காந்துருப்பா. பொறவு அதையும் விட்டுட்டா. நீங்களும் அவுக அய்யா மாதிரின்னு நெனச்சுட்டா போல டீச்சர்."

நாகஜோதி ஓடி வந்து யுவராணியின் கையையும் முகத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மடியில் ஏறியவள் இறங்கவேயில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை. அந்த வியாழக்கிழமையே வந்திருக்கலாம் என்று யுவராணி தன்னையே நொந்துகொண்டாள்.

பஸ் ஹாரன் கேட்டது. யுவராணி பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கோயம்புத்தூர் போகிறவள் மறுபடி வருவேன் என்று எப்படிச் சொல்வது?

"எங்க போறேன்னு கேளு கண்ணு. ஒரே ஒரு தடவ கேளு" என்று கெஞ்சினாள்.

நாகஜோதி இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். பஸ் கண்ணை விட்டு மறையும்வரை அந்தக் கைகளை எடுக்கவேயில்லை.